கேட்கக் கற்ற பொறி

நாம் முன்பு பணியாற்றிய பங்கொன்றில் முதிய உபதேசியார் ஒருவர் இருந்தார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பீடத்தருகே நின்று வாசகம் வாசித்தவர். இழவு வீட்டில் அவர் மன்றாட்டைத் தொடங்கினால் அழுதுகொண்டிருந்தவர்களும் அடங்கிப் பதிலுரைப்பார்கள், அத்தகைய குரல். அந்தக் குரல்வளையில் புற்றுநோய் கண்டது. அறுவை மருத்துவத்தில் அதனை முழுவதும் நீக்கிவிட்டார்கள். சில திங்கள்கள் சிலேட்டில் எழுதிக் காட்டியே காலம் கழித்தார். பின்னர் கைவிளக்குப் போன்றதொரு சிறு கருவியைக் கழுத்தில் அழுத்திக்கொண்டு பேசத் தொடங்கினார். வண்டு முரல்வது போன்ற ஒலி. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மறைக்கல்வி வகுப்புக் குழந்தைகள் முதல் ஞாயிறன்று அஞ்சி ஒதுங்கினார்கள். நான்காம் ஞாயிறு அவர் சொன்ன வேடிக்கைக் கதைக்கு வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அந்தக் கருவி பேசுவதில்லை என்பதை நாம் கவனித்தோம். அது வெறும் முரலொலியை மட்டுமே தருகிறது. அவ்வொலியைச் சொல்லாக வடிப்பவை அவருடைய நாவும் இதழும் அண்ணமுமே. ஒலி ஓரிடத்தில் பிறக்கிறது, சொல் வேறிடத்தில் உருவாகிறது என்னும் இவ்வுண்மையை ஐரோப்பிய அறிஞர்கள் ஒரு பொறியில் செய்துகாட்ட 18-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குழந்தைகள் நான்கு ஞாயிறுகளில் செய்தது, அதாவது பழக்கமில்லாத ஒரு குரலைக் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டது, அதனைப் பொறிக்குக் கற்பிக்க மேலும் இரண்டு நூற்றாண்டுகள் பிடித்தன. பேசும் பொறியின் வரலாறு வாயில் தொடங்கித் தாமதமாகவே செவிக்கு வந்து சேர்ந்த வரலாறு.

பேசும் தலைகளைப் பற்றிய பழங்கதைகளில் நம் திருச்சபைப் பெரியோரின் பெயர்கள் அடிபடுவதை வாசகர் சிலர் அறிந்திருக்கலாம். 999 முதல் 1003 வரை திருத்தந்தையாக விளங்கிய இரண்டாம் சில்வெஸ்தர் கணிதத்தில் வல்லவர். கேட்ட வினாவுக்கு ஆம் என்றும் இல்லை என்றும் விடை சொல்லும் தலையொன்றை அவர் வார்த்து வைத்திருந்தார் என்று 12-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத் துறவி மாம்ஸ்பரி வில்லியம் எழுதி வைத்தார். பிரான்சிஸ்கன் சபைத் துறவி ரோஜர் பேக்கனுக்கும் ஒரு பித்தளைத் தலை உண்டு. புனித பெரிய ஆல்பர்ட் அரும்பாடுபட்டுச் செய்த பேசும் உருவத்தை, அவர்தம் மாணவரான புனித தாமஸ் அக்குவினாஸ் அடித்து நொறுக்கினார் என்னும் கதையைக் குருமட நாள்களில் நாம் கேட்டுச் சிரித்ததுண்டு. ஓயாத பேச்சு படிப்புக்கு இடையூறாக இருந்ததாம்! இவை எவையும் வரலாறு அல்ல. ஆயினும், பேச்சு ஆன்மா உடையதற்கே உரியது, ஆன்மா இல்லாத ஒன்று பேசினால் அது அலகையின் வேலையே என்று அக்கால மக்கள் எண்ணியதை இவை காட்டுகின்றன.

17-ஆம் நூற்றாண்டில் இயேசு சபைக் குரு அத்தனாசியுஸ் கிர்ச்சர், உரோமைக் கல்லூரியில் தாம் அமைத்த அருங்காட்சியகத்தில் பேசும் சிலையொன்றை வைத்தார். தம் அறையிலிருந்து அச்சிலைவரை நீண்ட குழாயொன்று பதித்திருந்தார், பேசியவர் அவரே. அவர் அதனை மறைக்கவும் இல்லை. குழாயில் ஒலி செல்லும் முறையை நூலிலேயே விளக்கினார்.

உண்மையான முயற்சி 1779-இல் தோன்றியது. அ, எ, இ, ஒ, உ என்னும் ஐந்து உயிரொலிகளும் தம்முள் எவ்வாறு வேறுபடுகின்றன, அவற்றை ஒலிக்கும் கருவியைச் செய்ய இயலுமா என்று ருஷ்யாவின் புனித பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகம் பரிசு அறிவித்து வினவியது. கோபன்ஹேகனில் பேராசிரியராக இருந்த கிராட்சென்ஸ்டைன் பரிசு பெற்றார். வெவ்வேறு வடிவமுள்ள ஐந்து குழாய்களை அவர் செய்தார். ஒவ்வொன்றும் ஓர் உயிரை ஒலித்தது; அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு குழாயைவிட்டு மறு குழாய்க்கு ஓடினால் சொல் உண்டாகாது என்பதை வேறொருவர் உணர்ந்திருந்தார்.

அவர் வொல்ஃப்காங் ஃபான் கெம்பலன். 1734-இல் பிரஸ்பர்க் நகரில், அதாவது இன்றைய பிராட்டிஸ்லாவாவில் பிறந்து, ஆஸ்திரிய அரசவையில் உயர் அலுவலராகப் பணியாற்றியவர். உலகம் அவரை நினைவு கூர்வது வேறொரு செயலுக்காக. சதுரங்கம் ஆடும் துருக்கிய பொம்மையொன்றைச் செய்து பேரரசி மரிய தெரேசாவையும் அவையோரையும் வியக்க வைத்தார். அப்பெட்டிக்குள் ஒரு மனிதன் ஒளிந்திருந்தான். அது வெறும் ஏமாற்று. அதே காலத்தில் அவர் தொடங்கிய பேசும் பொறியிலோ ஏமாற்று எதுவுமில்லை. ஆனால் ஒருமுறை பொய் காட்டியவன் மறுமுறை மெய் காட்டினும் ஐயுறுவது உலக இயல்பு.

இருபது ஆண்டுகள் அவர் அதில் உழைத்தார். நுரையீரலுக்குப் பதிலாக ஒரு துருத்தி. குரல் நாண்களுக்குப் பதிலாக அதிர்கின்ற ஒரு மெல்லிய தகடு. வாய்க்குப் பதிலாக நெகிழும் ஒரு கூம்பு. மூக்குக்கு இரண்டு சிறு துளைகள். வலது முழங்கையால் துருத்தியை அழுத்தி, இடது உள்ளங்கையைக் கூம்பின்மேல் வைத்து மூடியும் திறந்தும் அவர் பொறியைப் பேச வைத்தார். மூக்குத் துளைகளைத் திறந்தால் மகரம். அடைத்துவிட்டுக் கையைச் சட்டென எடுத்தால் பகரம். அம்மா, அப்பா என்று பொருள்படும் சொற்கள் எளிதில் வந்தன. இலத்தீனும் இத்தாலியமும் ஓரளவு வந்தன; அவருடைய சொந்த மொழியாகிய ஜெர்மன்தான் அதிகம் வருத்தியது. மெய்யொலிகள் நெருக்கியடித்து நிற்கும் மொழி அது. குரல் சிறு குழந்தையின் குரல் போன்றிருந்தமையால் கேட்டவர்கள் பிழைகளைப் பொறுத்துக்கொண்டார்கள். 1791-இல் வியன்னாவில் தம் நூலை வெளியிட்டார். காற்றானது நெஞ்சிலும் மிடற்றிலும் நிலைபெற்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் பொருந்த எழுத்தாகிறது என்று நம் தொல்காப்பியம் பிறப்பியலில் வகுத்ததைத் தமிழாசிரியரிடம் நெட்டுருச் செய்தவர்கள், கெம்பலனின் நூலைக் கண்டால் பழகிய வீட்டுக்குள் நுழைந்தது போல உணர்வார்கள். அவருடைய பொறியென மதிக்கப்படும் ஒன்று மியூனிக் நகரத்து ஜெர்மன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

பாரிஸ் நகரில் மிக்கால் என்னும் குருவானவர் இரண்டு பேசும் தலைகளைச் செய்து 1783-இல் அறிவியல் கழகத்தார்முன் வைத்தார். அவை ஒன்றோடொன்று உரையாடி அரசரைப் புகழ்ந்தன. அதே நகரில், அதே நூற்றாண்டில், தெ லெப்பே என்னும் மற்றொரு குரு, காதுகேளாத ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். அவர்களுடைய கைச்சைகையையே மொழியாக ஏற்று, அதன்வழியே எழுத்தும் மறையும் கற்பித்தார். தலைகள் பேசியதை ஊர் கண்டு களித்தது. கைகள் பேசியதைக் கண்டவர் சிலரே.

இவ்விரு வழிகளும் பின்னர் ஒரு வீட்டிலேயே சந்தித்தன. எடின்பரோவில் 1847-இல் பிறந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் தாய் செவிப்புலன் குன்றியவர். தந்தை பேச்சுப் பயிற்சி ஆசிரியர். 1863-இல் தந்தையார் மகனை இலண்டனுக்கு அழைத்துச் சென்று, கெம்பலனின் முறையைப் பின்பற்றி வீட்ஸ்டன் என்னும் அறிஞர் செய்த பொறியைக் காட்டினார். ஊர் திரும்பிய பெல்லும் அவர்தம் அண்ணனும் தாங்களே ஒரு தலையைச் செய்தார்கள். அது அம்மா என்று அலறியதைக் கேட்டு, எந்தக் குழந்தை இப்படி அழுகிறதென்று அண்டை வீட்டார் தேடி வந்தார்களாம். அதோடு விடவில்லை, வீட்டு நாயை உறுமச் செய்து, அதன் வாயைக் கையால் பிசைந்து சொற்களை வரவழைக்கவும் பெல் முயன்றார்! பின்னாளில் அவர் பாஸ்டன் நகரில் காதுகேளாதோருக்குக் கற்பித்தார். 1876-இல் தொலைபேசியைத் தந்தார்.

ஆனால் பெல்லின் பேரார்வத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. காதுகேளாதவர் வாயால் பேசியே ஆகவேண்டும், சைகைமொழி அகலவேண்டும் என்று வற்புறுத்தியோருள் அவர் முன்னணியில் நின்றார். 1880-இல் மிலான் நகரில் கூடிய காதுகேளாதோர் ஆசிரியர்களின் அனைத்துலக மாநாடு அவ்வாறே தீர்மானித்தது. அம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஜூலியோ தாரா என்னும் குரு என்பதைக் குருவாகிய நாமே எழுத வேண்டியுள்ளது. அதன் விளைவாகப் பல நாடுகளின் வகுப்பறைகளில் சைகை விலக்கப்பட்டது. கையால் பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டார்கள். 2010-இல் வான்கூவர் நகரில் கூடிய அதே வரிசை மாநாடு அத்தீர்மானங்களைத் தள்ளி வருத்தம் தெரிவிக்க 130 ஆண்டுகள் ஆயின. வாயசைவுதான் பேச்சு என்று கொண்டமையால் நேர்ந்த கேடு இது.

வாயைச் செய்யும் வேலை எவ்வளவோ முன்னேறியது. யோசஃப் ஃபாபர் என்பார் செய்த யூஃபோனியா, பெண்முகம் தாங்கி, விசைப்பலகையால் இயங்கி, 1846-இல் இலண்டனில் பேசியது, பாடவும் செய்தது. 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் பெல் ஆய்வுக்கூடத்து ஹோமர் டட்லியின் வோடர் என்னும் மின்பொறி பேசிற்று. விரல்களுக்குப் பத்து விசைகள், மணிக்கட்டின்கீழ் முரலொலியையும் சீறலொலியையும் மாற்றும் ஒரு சட்டம், குரலை ஏற்றி இறக்கக் காலடியில் ஒரு மிதி. அதனை இயக்கக் கற்க ஓராண்டளவு பிடித்தது. நம் பங்குகளில் ஆர்மோனியம் வாசிப்போர் அந்தப் பெண்களின் உழைப்பை உணர்வார்கள். கெம்பலனின் உள்ளங்கையைப் போலவே இங்கும் பேச்சு பொறியில் இல்லை, இயக்கியவரின் கையில் இருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்பதைச் செவியால் கேட்டுத் திருத்திக்கொண்டவரும் அவரே.

செவியைச் செய்யும் முயற்சி 1952-இல் தொடங்கியது எனலாம். பெல் ஆய்வுக்கூடத்தார் ஆட்ரி என்றொரு கருவி செய்தார்கள். ஆளுயர அடுக்கு நிறைய வெற்றிடக் குழல்கள் கொண்டது. ஒன்று, இரண்டு என்று இலக்கங்களை இடைவெளிவிட்டுச் சொன்னால் அடையாளம் கண்டது. அதுவும் அதற்குப் பழகிய ஒருவர் சொன்னால்தான் நன்றாகக் கண்டது. ஆள் மாறினால் தடுமாறியது. 1962-இல் சியாட்டில் கண்காட்சியில் ஐ.பி.எம். நிறுவனம் காட்டிய ஷூபாக்ஸ் 16 சொற்களை அறிந்தது. பத்தாண்டில் ஆறு சொற்கள் மிகுந்தன! 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் மூத்த விஞ்ஞானி ஜான் பியர்ஸ், இத்துறையைத் தண்ணீரைப் பெட்ரோலாக்கும் திட்டத்தோடும் கடல்நீரில் பொன் எடுக்கும் திட்டத்தோடும் ஒப்பிட்டு எள்ளி எழுதினார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. மனிதர் கேட்பது செவியால் மட்டுமன்று. மொழியறிவாலும் உலக அறிவாலும் கேட்கிறார்கள். அவ்வறிவில்லாத பொறி எப்படிக் கேட்கும்?

அந்த வினாவுக்கு விடை தேடியோருள் நம் பக்கத்து மனிதர் ஒருவர் உண்டு. 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தின் காட்டூர் என்னும் சிற்றூரில் பிறந்து, 1958-இல் சென்னை கிண்டி பொறியியற் கல்லூரியில் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு செய்தபோதே, பேச்சுக் கட்டளைக்கு இணங்கி எந்திரக் கையொன்று இயங்குமாறு அவரும் துணைவரும் செய்தார்கள். பியர்ஸ் எள்ளி எழுதிய அதே 1969-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் சென்றார். அங்கு 1976-இல் அவருடைய குழுவில் உருவான ஹார்ப்பி என்னும் நிரல், 1,011 சொற்களுக்குள் அமைந்த தொடர்ப்பேச்சைக் கேட்டறிந்தது. கணினியுலகின் உயர் விருதாகிய டூரிங் விருதை 1994-இல் பெற்றார். ஆசியர் எவரும் அதற்குமுன் அதனைப் பெற்றதில்லை. இதற்கிடையில் ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகத்தில் 1973-இல் உருவான வாபோட்-1 என்னும் மனிதவடிவ எந்திரம், ஜப்பானிய மொழியில் எளிய வினாவைக் கேட்டு விடையிறுத்தது.

வழியைத் திருப்பியவர் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த ஃபிரெட்ரிக் ஜெலினெக். ஐ.பி.எம். நிறுவனத்தில் 1972 முதல் அவர் நடத்திய குழு, இலக்கணத்தைப் பொறிக்குக் கற்பிப்பதை விட்டது. எந்த ஒலிக்குப்பின் எந்த ஒலி வரக்கூடும், எந்தச் சொல்லுக்குப்பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று ஏராளமான பேச்சையும் எழுத்தையும் எண்ணிக் கணக்கிட்டது. இது மொழியறிஞர்களுக்கு அருவருப்பாகவே இருந்தது. நமக்கோ அவ்வளவு வியப்பில்லை. ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்து, கம்பித்தட்டிக்கு அப்பாலிருந்து வரும் தாழ்குரலைக் கேட்கும் குருவின் செவிக்குப் பாதிச் சொற்களே எட்டுகின்றன. மீதியை அவர் முன்பழக்கத்தால் நிரப்பிக்கொள்கிறார். கேட்டது சரியா என்ற ஐயம் வரும்போது மறுமுறை கேட்கிறார். பொறி அவ்வாறுதான் கேட்கத் தொடங்கியது: முன்பு மிகுதியாகக் கேட்டதைக் கொண்டு இப்போது அரைகுறையாகக் கேட்பதை ஊகித்தது. 1980-களின் நடுவில் இக்குழுவின் டாங்கோரா 20,000 சொற்களைக் கையாண்டது.

அந்நாளில் பேசும் பக்கத்திலும் ஓர் அரிய மனிதர் இருந்தார். எம்.ஐ.டி. நிறுவனத்து டென்னிஸ் கிளாட். எழுத்தைப் படித்து ஒலிக்கும் நிரல்களைச் செய்த அவர், தம் குரலையே அளந்து அவற்றுக்கு அடிப்படையாக்கினார். 1984-இல் டெக்டாக் என்னும் கருவி வெளிவந்தது. ஆண்குரல் அவருடையது, பெண்குரல் மனைவியுடையது, குழந்தைக்குரல் மகளுடையது. புற்றுநோய் அவருடைய சொந்தக் குரலை மெல்லமெல்ல விழுங்கியது. 1988-இல் அவர் இறந்தார். 1985-இல் நோயுற்று, மூச்சுக்குழலில் துளையிட்டதால் பேச்சை அறவே இழந்த இயற்பியலறிஞர் ஸ்டீவன் ஹாக்கிங் பேசியது, கிளாட்டின் ஆய்வில் கிளைத்த குரலால்தான். ஹாக்கிங் ஆங்கிலேயர், கிடைத்த குரலோ அமெரிக்கச் சாயலுடையது. பின்னர் எத்தனையோ நயமான குரல்கள் வந்தபோதும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1986 முதல் திருத்தந்தையின் அறிவியல் கழகத்தில் உறுப்பினராக இருந்த அவர், 2018-இல் மறையும்வரை அந்தக் குரலிலேயே பேசினார். அதுவே தம் குரல் என்று ஆகிவிட்டது. ஒருவர் இழந்துகொண்டிருந்த குரலில் மற்றொருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகோடு பேசினார் என்பதை எண்ணும்போதெல்லாம் நாம் சற்று நின்றுவிடுகிறோம்.

எனினும் இவையெல்லாம் நிரலில் எழுதி வைத்ததைச் செய்த பொறிகளே. தாமே கற்பவை பின்னர் வந்தன. 2012-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தாரும் மூன்று பெரும் நிறுவனத்தாரும் கூட்டாக எழுதிய கட்டுரை, பல அடுக்கு நரம்பு வலைகள் பேச்சை அறிவதில் பழைய முறைகளை விஞ்சியதைக் காட்டியது. அதில் ஒலிக்கு இலக்கணம் வகுப்பவர் எவருமில்லை. பேச்சையும் அதன் எழுத்துவடிவையும் மணிக்கணக்கில் கொடுக்கிறார்கள். பொறி தவறுகிறது, திருத்தப்படுகிறது, மீண்டும் தவறுகிறது. 2016-இல் இலண்டன் டீப்மைண்ட் நிறுவனத்தாரின் வேவ்நெட், பேச்சலையை நொடிக்கு 16,000 புள்ளிகளாகப் பிரித்து, முன்புள்ள புள்ளிகளைக் கொண்டு அடுத்ததை ஊகித்துக் குரலை உண்டாக்கியது. கெம்பலனின் துருத்தி இல்லை, நாக்கில்லை, மூக்குத் துளை இல்லை. மனிதக் குரல்களைக் கேட்டதொன்றே அதன் முதல்.

அதே 2012-இல் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் நடந்ததொரு சோதனை மேலும் நம்மைக் கவர்ந்தது. டீச்சீ என்று பெயரிட்ட, குழந்தை உருவமுள்ள எந்திரத்தின்முன் சாதாரண மக்களை அமர்த்தினார்கள். சிறு குழந்தையிடம் பேசுவது போல அதனிடம் வண்ணங்களையும் வடிவங்களையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். எந்திரம் முதலில் பொருளற்ற அசைகளை மழலையாக உளறியது. எதிரே இருப்பவர் வாயில் அடிக்கடி வந்த அசைகளை மெல்லமெல்ல மிகுதியாக உளறத் தொடங்கியது. தற்செயலாக ஒரு சொல் அமைந்துவிட்டால், அவர் மகிழ்ந்து பாராட்டினார். அச்சொல் அதன் நினைவில் தங்கியது. சில நிமிடங்களிலேயே தனிச்சொற்கள் சில தெளிந்தன. பொருள் அதற்குத் தெரியாது என்பதை ஆய்வாளர்களே சொன்னார்கள். ஆனாலும் எதிரே அமர்ந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பேச, எந்திரமும் அதற்கேற்ப வேறுவேறாகக் கற்றது. திண்ணையில் பேரக்குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சும் பாட்டியர் செய்வதும் இதுவே.

கேட்டவற்றைக் கொண்டே கற்கிறது என்றால், கேளாத குரலை அது அறியாது என்பதும் பெறப்படும். யாருடைய பேச்சு மிகுதியாகப் பதிவாகிறதோ அவர்களுக்கே பொறி செவிசாய்க்கிறது. பக்கவாதத்தால் நா குழறுவோர், பிறவியிலேயே காதுகேளாது பேசக் கற்றவர்கள், தசைநோயாளிகள் ஆகியோரின் பேச்சு அதற்கு இரைச்சல். இக்குறையை நீக்கும் பொருட்டு, அத்தகையோரின் குரல்களைச் சேர்க்கும் திட்டமொன்றைக் கூகுள் ஆய்வாளர்கள் 2019-இல் அறிவித்தார்கள். ஃபாபரின் பொறிக்கு இருந்த பெயரே, யூஃபோனியா என்பதே, அதற்கும் பெயர்.

நம் உபதேசியாரின் பேரன் ஒருமுறை விடுமுறைக்கு வந்திருந்தான். தமிழில் பேசினால் எழுதும் வசதி அவனுடைய கைப்பேசியில் இருந்தது. நாமும் உடனிருந்தோம். "தாத்தா, நீங்க ஏதாவது சொல்லுங்க" என்று அதனை நீட்டினான். அவர் கருவியைக் கழுத்தில் வைத்து, மறுநாள் திருப்பலி நேரத்தைச் சொன்னார். திரையில் ஒன்றும் வரவில்லை. மீண்டும் சொன்னார், தொடர்பில்லாத இரண்டு சொற்கள் வந்தன. மூன்றாம் முறையும் அவ்வாறே. அவர் நம்மை நோக்கிச் சிரித்து, "அதுக்கு நம்ம குரல் பழக்கமில்லை சாமி" என்றார். பையனுக்கு மனம் கேட்கவில்லை. கைப்பேசியைத் தன் வாயருகே கொண்டுபோய், தாத்தா சொன்னதைச் சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னான். அது உடனே எழுதிற்று.